பிளாஸ்திரி ஒட்டிய பட்டன்

ஆயர் "முதலாவதாக" என்று ஆரம்பித்துவிட்டார். இனி இரண்டாவதாக வரும், மூன்றாவதாக வரும், அப்புறம் "முடிவாக" வரும், அந்த முடிவுக்குப் பிறகும் இன்னொரு முடிவு வரும் என்பது எங்கள் பெரம்பூர் சபையில் தவழுகிற குழந்தைக்கும் தெரியும். அதனால் அவசரம் இல்லை, நிதானமாகவே கவலைப்படலாம். பாடகர் குழு உட்காரும் கொயர் பெஞ்சின் ஓரம் என்னுடைய இடம். கை நீட்டினால் தொடும் தூரத்தில் கீபோர்டு, அதன் முன்னால் ஸ்டூலில் என் அண்ணன் ஜோதம், எனக்குத் தெரிவது அவன் முதுகும் வலது கையும்தான். நீலச் சட்டை. பின்பக்கம் காலர் பாதி உள்ளே மடங்கிக் கிடக்கிறது. வேறு ஞாயிறாக இருந்தால் பாட்டுக்கு எழுந்திருக்கும் சாக்கில் இழுத்து விட்டிருப்பேன். இன்றைக்குக் கை பாதி தூரம் போய், முந்தானையைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்துவிட்டது. போன ஞாயிறு மதியம் அவன் வீட்டில் பிரியாணித் தட்டுக்கு முன்னால் சண்டை போட்டதிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. வருகிற சனிக்கிழமை கல்லூரி அரங்கத்தில் நானும் அவனும் சேர்ந்து போட்ட ஆல்பத்தின் பாட்டுகளை மேடையில் பாட வேண்டும், யார் பாடப்போகிறார்கள் என்று இன்று சாயங்காலத்துக்குள் அவன் கல்லூரிக்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். நானா, வேறு யாராவதா. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, கேட்டால் போதும். ஆனால் அதற்கு யாராவது முதலில் வாயைத் திறக்க வேண்டுமே, எங்கள் குடும்பத்தில் பாட்டைத் தவிர வேறு எதற்கும் யாரும் முதலில் வாயைத் திறப்பதில்லை. அப்பா அம்மாவே ஒரு தடவை சண்டையில் பேசாமல் இருந்து, கிறிஸ்துமஸ் கேரலுக்கு இரண்டாம் குரல் வேண்டும் என்பதால்தான் சமாதானம் ஆனார்கள். ஆயர் ஏதோ விவசாயியைப் பற்றிச் சொல்கிறார், விதைத்துவிட்டுக் காத்திருக்கிறானாம். காத்திருப்பவனுக்கு நிலமாவது சொந்தமாக இருக்கிறது.

அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்? முதல் பாட்டில்தான் அது நடந்தது. மூன்றாவது அடியில் மெட்டு மேலே ஏறும், சபையே கழுத்து நரம்பு புடைக்கப் பாடுகிற இடம். அந்த அடி வந்ததும் நான் உதட்டை மட்டும் அசைத்தேன், சத்தம் விடவில்லை. சபை நிறைந்து பாடும்போது ஒருத்தி பாடாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பக்கத்தில் நின்ற பியூலா அக்காவுக்கே தெரியவில்லை, அவர் தன் குரலில் தானே மெய்மறந்து நின்றார். ஆனால் அண்ணனின் தலை திரும்பியது. கை நிற்கவில்லை, அவன் கை எதற்கும் நிற்காது. கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை, அவ்வளவுதான், திரும்பிக்கொண்டான். கோபமா? 'சபையிலும் ஆரம்பித்துவிட்டாயா, ஆண்டவர் பாட்டிலுமா என்னோடு போட்டி' என்று கேட்டதா அந்தப் பார்வை? அல்லது வெறுமனே, பாத்திரம் கழுவும்போது குழாயில் தண்ணீர் நின்றால் நிமிர்ந்து பார்ப்போமே, அப்படி ஒரு பார்வையா? நான் வேண்டுமென்றே செய்யவில்லை அண்ணா. டாக்டர் சொல்லியிருக்கிறார். மூக்கு வழியாக ஏதோ குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, "குரல்நாண்ல லேசா வீக்கம் இருக்கும்மா. டீச்சரா இருக்கீங்க, சரி, மைக் வெச்சுக்குங்க. மேல போயி கத்துறது மட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்" என்றார். கத்துறது. ஆல்பம் முழுக்க அதைத்தான் செய்திருக்கிறேன் டாக்டர் என்று சொல்ல வாய் வரவில்லை. என் கணவருக்கு மட்டும்தான் தெரியும். அண்ணனிடம் சொன்னால் ஒன்று, சாக்குச் சொல்கிறாள் என்பான். அல்லது ஐயோ என்னால்தானே என்று உடைந்துபோவான். இரண்டில் எது மோசம் என்று யோசித்து யோசித்தே நாள் போய்விட்டது. எச்சில் விழுங்குகிறேன். விழுங்கும்போது அங்கே ஏதோ இருக்கிறது. இருக்கிறதா, இருப்பதாக நினைக்கிறேனா? இன்னொரு தடவை விழுங்கிப் பார்க்கிறேன். நினைத்துக்கொண்டே விழுங்கினால் நல்ல தொண்டையிலும் ஏதாவது இருக்கத்தான் செய்யும். போதும், விழுங்காதே ஹெப்சி.

எங்கள் ஆல்பம் சோல் இசை. சோல் என்றால் என்ன என்று என்னிடம் கேட்ட எல்லாருக்கும் அண்ணன் சொல்லிக்கொடுத்த பதிலைத்தான் சொல்வேன். அமெரிக்காவில் கறுப்பினத்து மக்கள் சர்ச்சில் ஆண்டவரைப் பார்த்துப் பாடிய மாதிரியே காதலனைப் பார்த்துப் பாடினார்கள், அதற்குப் பெயர் சோல். ஆயர் காதில் விழாமல் சொல்ல வேண்டிய பதில். எங்களுக்கு அது வந்து சேர்ந்தது பக்கத்து வீட்டிலிருந்து. அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது கட்டில், மேஜை, கோழிக்கூண்டு எல்லாம் விற்றார்கள், ரெக்கார்டு பிளேயரையும் ஒரு பெட்டி இசைத்தட்டையும் வாங்க ஆள் வரவில்லை, அதனால் எங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் அப்போது பாவாடை கட்டிய வயது, அண்ணனுக்கு மீசை முளைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வயது. அதில் ஒரு தட்டில் கீறல். பாடிக்கொண்டே வரும் அந்த அம்மாள் ஓரிடத்தில் சட்டென்று ஒரு வார்த்தையைத் தாண்டிக் குதித்துவிடுவாள். அது கீறல் என்று எங்களுக்குத் தெரியாது, பாட்டே அப்படித்தான் என்று நினைத்து நாங்களும் குதித்துப் பழகினோம். அர்த்தம் தெரியாத வார்த்தைகளை அப்படியே ஒப்பித்து, சரியான இடத்தில் சரியாகக் குதிப்போம். வருடங்கள் கழித்து அதே பாட்டை முழுசாகக் கேட்டபோது எங்கள் இரண்டு பேருக்கும் அது தப்பாகப் பட்டது. "என்னடி இது, நடுவுல எதையோ செருகி வெச்சிருக்கான்" என்றான் அண்ணன். இப்போது எங்கள் ஆல்பத்தில் மூன்றாவது பாட்டில் ஒரு குதி இருக்கிறது. அவனே போட்ட மெட்டு, அவனே எழுதிய வார்த்தை, 'சாவி உன்கிட்டதான் இருக்கு' என்று வரும், அதில் ஓரிடத்தில் அரை எண்ணிக்கை காணாமல் போகும். டிரம்ஸ் வாசித்தவர் ஒவ்வொரு தடவையும் அங்கே தடுக்கினார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் தடுக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, ஆயரோ விவசாயியின் பயிரில் புழு விழுந்த கட்டத்தில் இருக்கிறார், சிரித்தால் தப்பாகிவிடும். உதட்டைக் கடித்துக்கொள்கிறேன்.

"இரண்டாவதாக." வந்துவிட்டது. ஆல்பத்துக்குப் பெயர் 'மாடி ரூம்', ஏனென்றால் அண்ணன் வீட்டு மொட்டைமாடியில் தகரக்கூரை போட்ட அறையில்தான் எல்லாம் நடந்தது. சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, ஒரே மைக்கைச் சுற்றி எல்லாரும் நின்று ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்வது, அந்தக் காலத்தில் அப்படித்தானாம். ஒருத்தர் தப்பினால் எல்லாருக்கும் தப்பு, மறுபடி முதலிலிருந்து. வியர்வை முதுகில் ஓடிப் புடவைக்குள் இறங்கியது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. பின்னால் கைதட்டுகிற கூட்டம் என் கணவரும் ஷீலா அண்ணியும்தான், படிக்கட்டில் நிற்கவைத்தோம், எதிரொலி கிடைக்கும் என்று. எல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஸ்கேல் ஒன்றைத் தவிர. ஸ்கேல் என்றால் பாட்டு எந்த உயரத்தில் நிற்கிறது என்பது. ஜி ஸ்கேலில்தான் அண்ணன் கை ஓடும். படித்து வந்த கை இல்லை அவனுடையது, கேட்டு வந்த கை. ஜியில் அது துள்ளி விளையாடும், எஃப்பில் விட்டால் இருட்டில் செருப்புத் தேடும். எனக்கோ எஃப்தான் வசதி, ஜியில் உச்சி வரும்போது தொண்டை கிழியும். "ரெண்டு எறக்கிக்கோண்ணா" என்றேன். பதிவுக்கும் மாடிக்குத் தூக்கிப்போன இந்தக் கீபோர்டிலேயே அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது, ஊரில் எல்லாச் சபையிலும் எல்லாரும் அழுத்துகிற பட்டன், இரண்டு தட்டுத் தட்டினால் கை ஜியில் ஓடும், சத்தம் எஃப்பில் வரும். அண்ணன் அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறான். விரல் வெட்டுக்கு ஒட்டுகிற அதே பழுப்புப் பிளாஸ்திரி. "பட்டன் தட்டி வாசிக்கிறவன் எல்லாம் வாசிக்கிறவனாடி? அந்தக் காலத்து ஆளுங்ககிட்ட பட்டனா இருந்துச்சு? அவங்க பாடகிங்க எல்லாம் தொண்டை கிழியுற எடத்துலதான் பாடுனாங்க. அங்கதான் ஆத்மா இருக்கு" என்றான். ஆத்மா அங்கே இருந்ததோ என்னவோ, நான் அங்கே இருந்தேன், எனக்கு அங்கே வலித்தது. ஆனாலும் பாடினேன். இங்கிருந்து பார்த்தால் பிளாஸ்திரி தெரிகிறது, ஒரு முனை அழுக்கேறிக் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருக்கிறது.

ஆல்பம் வெளியே போனதும் கருத்துகள் வர ஆரம்பித்தன. கருத்துச் சொல்வதில் நம் ஜனங்களுக்குக் கஞ்சத்தனம் கிடையாது. முதலில் என் கணவர் ராபின்சன். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் நாள் முழுக்க இரும்புச் சத்தத்தில் இருந்துவிட்டு வந்து காதில் மாட்டிக் கேட்டார். "நல்லாருக்கு ஹெப்சி. ஆனா ஏன் எல்லாம் பழைய ரேடியோல கேக்குற மாதிரி இருக்கு? ஹெட்போன் போச்சோன்னு நெனச்சிட்டேன்." பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், "வேலை செஞ்சுக்கிட்டே கேட்டேன், தொந்தரவே இல்ல" என்றார், பாராட்டாம். அப்புறம் அந்த ஆங்கிலப் பத்திரிகை. அதில் எழுதியவர் பெரிய ரசிகர் போல. காலம் பின்னால் திரும்பி நின்று நம்மைப் பார்க்கிறது, எங்கிருந்தோ தேடிப்பிடித்த பழைய ஆர்கன் அழுகிறது, அந்தக் குதிக்கும் தாளத்தில் பெரிய துணிச்சல், பாடகி உச்சிக்குப் போகும்போதெல்லாம் ஒரு சமூகத்தின் வலி கிழிகிறது என்றெல்லாம் எழுதியிருந்தார். ஆர்கன் இதோ இந்தச் சபைக் கீபோர்டு. கிழிந்தது எது என்று டாக்டரைக் கேட்டால் சொல்வார். இன்னொரு பக்கம் யூடியூபில் பேசுகிற ஒரு பெண், கல்லூரி முடித்த வயது இருக்கும், சுருட்டை முடி, மடியில் பூனையோடு பேசுவாள். "பழைய காலத்து விக்கு மாதிரி இருக்குங்க. அழகான விக்குதான், இல்லங்கல. சொந்த முடி எங்க?" என்றாள். மூன்றாவது பாட்டில் வேண்டுமென்றே இசைத்தட்டுக் கீறல் சத்தம் சேர்த்திருக்கிறோமாம், அது ஒன்றே இந்த ஆல்பம் போலி என்பதற்குச் சாட்சியாம். அது மழை, அம்மா. தகரக்கூரையில் விழுந்த அசல் பெரம்பூர் மழை. அதற்கப்புறம்தான் அவள் அதைச் சொன்னாள். "மேல போற எடத்துல எல்லாம் அந்த சிங்கர் அழுவுறாங்க. மனசு வலிக்குதுன்னு நான் நம்பல. தொண்டை வலிக்குதுன்னா நம்புறேன்." பூனை ஒரு கொட்டாவி விட்டது. நான் சமையலறையில் நின்றபடி கேட்டேன், கையில் வெங்காயம், அதனால் கண் எதற்குக் கலங்கியது என்று தெரியவில்லை. "ஆனா கடைசிப் பாட்டு இருக்கே, மெதுவா கீழயே பாடியிருக்காங்களே, அதுல ஒரு ஆளு இருக்காங்க. அந்த ஆளோட அடுத்த ஆல்பம் வந்தா நான் கேப்பேன்." கடைசிப் பாட்டில் கீபோர்டுக்கு நான்கு சுரக்கூட்டுகளை மாற்றி மாற்றி அழுத்துவதுதான் வேலை, எந்த ஸ்கேலானாலும் அண்ணன் கை சமாளித்துக்கொள்ளும், அதனால் என் இஷ்டத்துக்கு விட்டிருந்தான். ஆங்கிலப் பத்திரிகைக்காரர் அதே பாட்டைப் பற்றி ஒரே வரிதான் எழுதினார், சோர்வாக முடிகிறது என்று.

பிரியாணி சாப்பிடும்போது அண்ணன் பத்திரிகையில் வந்ததை வாய்விட்டு வாசித்தான், தமிழில் அர்த்தம் வேறு சொன்னான். அண்ணி தயிர்ப்பச்சடி பரிமாறிக்கொண்டே ஆமாம் ஆமாம் என்றார். அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன், கடித்த எலும்பை ஓரமாக வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு சொன்னதுதாண்ணா நெசம். எனக்குத் தொண்டைதான் வலிச்சுச்சு" என்றேன். அவன் முகம் எப்படி ஆனது. அவனுடைய வலியை நான் திருடிவிட்ட மாதிரி பார்த்தான். "பூனையத் தடவிக்கிட்டுப் பேசுற பொண்ணுக்கு என்னடி தெரியும் சோல்?" "அவளுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம். காது இருக்கு." "அப்ப எனக்குக் காது இல்லன்ற." "ஒனக்குக் கை இருக்குண்ணா. கைக்குத்தான் நீ ஸ்கேல் பாத்த. என் தொண்டைக்குப் பாக்கல." அண்ணி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். அவன் தட்டைத் தள்ளி வைத்தான். அப்புறம், "சனிக்கிழமைக்கு நான் வேற ஆள் பாத்துக்கிறேன்" என்றான். "பாத்துக்கோ" என்றேன். எவ்வளவு எளிதாக வந்தது அந்த வார்த்தை. பாத்துக்கோ. பேருந்தில் வரும்போது ராபின்சன், "சொன்னது சரிதான். ஆனா பிரியாணி முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கலாம்" என்றார். வேறு யாரைப் பார்ப்பான்? அயனாவரத்தில் ஒரு பெண் இருக்கிறாள், நன்றாகவே பாடுவாள், சின்ன வயசு, ஜியிலும் பாடுவாள், ஏயிலும் பாடுவாள், ஏணி போட்டாலும் ஏறுவாள். ஆனால் அந்தக் குதியில் தடுக்குவாள். கட்டாயம் தடுக்குவாள். தடுக்க வேண்டும் என்று நினைக்கிறேனே, ஆலயத்தில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவள் தடுக்கி விழ வேண்டும் என்று, ஆண்டவரே. தடுக்காமல் பாடினால்? இரண்டு தடவை ஒத்திகை பார்த்தால் யாருக்கும் வந்துவிடும். அதுதான் எனக்குப் பயம். தொண்டை போவதைவிட அதுதான் பயமாக இருக்கிறது, அந்தக் குதியை வேறொருத்தி சரியாகக் குதித்துவிட்டால் நானும் அண்ணனும் மட்டும் வைத்திருந்தது என்று எதுவும் மீதி இருக்காது.

"மூன்றாவதாக." ஜன்னல் பக்கம் யாரோ விசிறிக்கொள்கிறார்கள். விக்கு என்று சொன்னாளே, அதுதான் சுற்றிச் சுற்றி வருகிறது. சொந்த முடி எங்க? சரி, அவளை இங்கே இந்தப் பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். காலையில் பாடினோமே முதல் பாட்டு, அது யாருடைய முடி? ஜெர்மனியிலோ எங்கேயோ குளிரில் ஒருவர் போட்ட மெட்டு, கப்பலேறி வந்து, யாரோ ஒரு தமிழ் உபதேசியார் கையில் வார்த்தை மாற்றிக்கொண்டு, கடைசியில் பியூலா அக்காவின் மூக்கு வழியாக வெளியே வருகிறது. வீட்டுக்காரர் இறந்து அடக்கம் முடிந்து மூன்றாவது ஞாயிறு இதே அக்கா இதே பாட்டைப் பாடும்போது நான் பக்கத்தில் நின்றேன். அது இரவல் என்று அவரிடம் யாராவது சொல்ல முடியுமா? இரவல் வாங்கியதைப் போட்டுப் போட்டு உடம்பு வாடை ஏறிவிட்டால் அப்புறம் அது நம்முடையதுதான். அப்படியானால் அண்ணன் சொல்வது சரி. ஆனால் உடம்பு வாடை ஏற வேண்டுமென்றால் உடம்புக்குப் பொருந்த வேண்டுமே. பியூலா அக்கா உச்சி வரும்போது ஒரு படி கீழே இறங்கித் தன் வழியில் போய்விடுவார், யாரையும் கேட்கமாட்டார், பத்து வருடமாக அப்படித்தான் பாடுகிறார். நான்தான் யாரோ கிழிந்த இடத்தில் நானும் கிழிய வேண்டும் என்று நின்றேன். அப்படியானால் அந்தப் பெண் சொன்னதும் சரி. இரண்டு பேரும் சரி என்றால் நான் எங்கே நிற்கிறேன்? எனக்கு அந்தப் பழைய சத்தம் பிடிக்கும். பொய் சொல்லவில்லை, உயிர். அந்தக் கைதட்டல், அந்த மழை, அண்ணனின் ஆர்கன் விம்மி எழும்போது முதுகுத்தண்டில் ஓடுவது, எதையும் விடமாட்டேன். அதற்குள்ளே என் குரலில் நிற்க ஓர் இடம் கொடுத்தால் போதும், பெரிய இடம்கூட வேண்டாம், இரண்டு படி இறக்கம். இதை அன்றைக்கே இப்படிச் சொல்லியிருந்தால் பிரியாணியாவது ஆறாமல் இருந்திருக்கும்.

"முடிவாக" என்கிறார் ஆயர், முதல் முடிவு. அண்ணனின் வலது கை கீபோர்டின் ஓரத்துக்குப் போகிறது. என்ன செய்கிறான்? நகத்தால் எதையோ சுரண்டுகிறான். கீபோர்டை அணைக்கப் போகிறானா, பாதியில் எழுந்து போகப்போகிறானா? அவன் அப்படிச் செய்கிற ஆள் இல்லை, ஆனால் 'வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்கிற ஆளும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். மறுபடி சுரண்டுகிறான். விரலில் ஏதோ ஒட்டிக்கொள்கிறது, உதறுகிறான், போகவில்லை, பேண்ட்டில் தேய்க்கிறான். "ஆக, முடிவாக" என்கிறார் ஆயர், இது நிஜ முடிவு. ஜெபம். கண்ணை மூட வேண்டும், மூடுகிறேன், ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறேன், ஸ்டூலுக்குக் கீழே ஏதோ பழுப்பாகச் சுருண்டு கிடக்கிறது. அறிவிப்புகள் வாசிக்கிறார்கள், பெண்கள் ஐக்கிய சங்கம், வாலிபர் கூட்டம், யாருக்கோ திருமண ஓலை, ஒன்றும் காதில் ஏறவில்லை. காணிக்கைப் பாட்டு. எல்லாரும் எழுந்திருக்கிறோம், பெஞ்சுகள் கிறீச்சிடுகின்றன. இந்தப் பாட்டை அவன் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஜியில்தான் வாசிக்கிறான், இதிலும் நடுவில் ஓர் உச்சி உண்டு, அங்கே வாயை மட்டும் அசைக்க வேண்டும், மறுபடி திரும்பிப் பார்ப்பான், பார்த்தால் பார்க்கட்டும். முன்னிசை வருகிறது. எனக்கு ஏதோ மாதிரி இருக்கிறது. தரை கொஞ்சம் கீழே போன மாதிரி. பியூலா அக்கா என் பக்கம் சாய்ந்து, "என்னடி, எறங்கி நிக்குது?" என்கிறார். இறங்கித்தான் நிற்கிறது. எஃப். அவன் கை ஜியில் துள்ளுகிறது, சத்தம் எஃப்பில் வருகிறது. சபைக்குத் தெரியாது, ஆயருக்குத் தெரியாது, தெரிந்தாலும் இதில் என்ன இருக்கிறது என்பார்கள். பாடுகிறேன். முதல் சரணம் என் வாயில் உட்காருகிறது, எதையும் தூக்க வேண்டாம், எட்டிப் பிடிக்க வேண்டாம், உச்சி வருகிறது, பயத்தோடு வாயைத் திறக்கிறேன், குரல் தானே அங்கே போய் நிற்கிறது. வலிக்கவில்லை. எத்தனை மாதமாயிற்று அந்த இடத்தில் வலிக்காமல் நின்று. கண்ணீர் வந்தால் வரட்டும், இங்கே வெங்காயம் இல்லை.

சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவில் அவன் கொஞ்சம் வாசிப்பான், காணிக்கைப் பை பின்வரிசை போய்ச் சேர வேண்டுமே. வாசித்துக்கொண்டே இலேசாகப் பின்னால் சாய்கிறான், முகம் திரும்பவில்லை. காலர் இன்னும் மடங்கியபடிதான் இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம். "தொண்டைக்கு என்னடி?" என்கிறான். "வீக்கம்ணா. சரியாயிடும்னாரு." கை ஓடிக்கொண்டே இருக்கிறது. "எங்கிட்ட ஏன் சொல்லல?" பை பாதிதூரம் போய்விட்டது. அவனே தொடர்கிறான், பல்லைக் கடித்துக்கொண்டு, காதோரம் சிவந்து, "சனிக்கிழமை எல்லாப் பாட்டும் ரெண்டு எறக்கித்தான். பட்டன்லதான் வாசிப்பேன், ஸ்டேஜ்ல எல்லாரும் பாக்கத்தான் போறாங்க. நீ சிரிக்கக் கூடாது." நான் சிரித்துவிட்டேன். இரண்டாவது சரணம் தொடங்கிவிட்டது, சபை முழுக்க முதல் வார்த்தையைப் பாடிவிட்டது, நான் அதை விட்டுவிட்டேன். இரண்டாவது வார்த்தையில் குதித்துச் சேர்ந்துகொண்டேன்.